பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது: நேரத்தை எப்படிக் கேட்பது?

(பூரணாங்குப்பத்தில் நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில், தனியார் ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் சகோதரி ஆற்றிய உரை. அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.)



வில்லியனூர், சுல்தான்பேட்டை, பாகூர் பக்கத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பேச்சுக்கு நடுவே பிள்ளை அழுதால் யாரும் சங்கடப்பட வேண்டாம். நம் நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நின்றபோது, பின்னால் ஒரு குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டால், அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று ஹதீஸில் வருகிறது. தொழுகைக்கே அந்த இடம் உண்டென்றால், என் பேச்சுக்கு இல்லாமலா போகும்?

நான் இன்று பேச வந்ததும் அதைப் பற்றித்தான். ஒரு தாய்க்காக நேரத்தைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுப்பது. அதை வேலை செய்யும் இடத்தில் எப்படிக் கேட்பது, எதை உரிமையாகக் கேட்பது, எதை வேண்டுகோளாகக் கேட்பது, வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம், ஆள் வைத்து வேலை வாங்கும் நம் சகோதரர்கள் என்ன செய்யலாம். இவ்வளவுதான்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்யும் லேப் டெக்னீஷியன். இரண்டாவது பிள்ளை பிறந்து விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது பிள்ளைக்கு ஐந்து மாதம். வேலை மூன்று ஷிஃப்ட். காலை 7 மணிக்கு ஒன்று, பகல் 12 மணிக்கு ஒன்று, இரவு ஒன்று. என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். விடியற்காலையில் கிளம்பிவிடுவார். மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மாமிக்குச் சர்க்கரை, முட்டி வலி. தவளக்குப்பம் சந்திப்பில் 6 மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் நான் 7 மணிக்கு உள்ளே போக முடியும்.

திரும்பிப் போன முதல் நாளே மேற்பார்வையாளரிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? நடைபாதையில் அவர் அவசரமாகப் போகும்போது வழிமறித்து, கண் கலங்க, "கொஞ்ச நாளைக்கு நேரம் மாத்திக் கொடுங்க சார், ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றேன். "எல்லாரும்தாம்மா பிள்ளை பெத்துக்கறாங்க. உனக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் மார்பில் பால் கட்டிக் கடும் காய்ச்சல். வீட்டில் பிள்ளை புட்டியை வாயில் வைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ராஜினாமா கடிதம் எழுதினேன். ஏழு வருட வேலை. அந்தச் சம்பளத்தில்தான் மூத்தவளின் பள்ளிக் கட்டணமும் மாமியின் மருந்தும் ஓடுகிறது. தெரிந்தும் எழுதினேன்.

மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன எழுதறே?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேலைய விடறேன்னு எழுத உன்கிட்ட தாள் இருக்கு. நேரத்தை மாத்திக் கொடுங்கன்னு எழுத ஒரு தாள் இல்லையா?" என்றார்.

மாமியின் அத்தா முதலியார்பேட்டை மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும் என்று மாமி சொல்வார். நம் புதுச்சேரிக்காரர்களுக்கு வேலை நேரம் என்பது சும்மா கிடைத்த விஷயம் இல்லை. 1936 ஜூலை 30 அன்று, சவானா மில்லில் உரிமை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா போன்ற தலைவர்கள் நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் இந்த மண்ணில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. இன்றும் ஜூலை 30-ல் அந்தத் தியாகிகளை நினைவுகூர்கிறார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்து நேரம் கேட்டார்கள். நான் ஒரு தாளில்கூடக் கேட்காமல் வேலையை விடப் பார்த்தேன்.

அந்த ராஜினாமாவை அன்று கிழித்துவிட்டேன். அதற்குப் பிறகு தெரிந்துகொண்டவற்றைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப்போகிறேன்.

சகோதரிகளே, இரண்டு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, சட்டம் நமக்குக் கொடுத்தது. அதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. மற்றொன்று, சட்டத்தில் இல்லாதது. அதை யோசனையோடு, மரியாதையோடு, எதிரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும். இரண்டையும் கலந்து அழுதுகொண்டே கேட்டால் இரண்டுமே கிடைக்காது. எனக்கு நடந்தது அதுதான்.

சட்டம் கொடுத்தது என்ன?

1961-ஆம் ஆண்டு பேறுகால நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் அடுத்த பேற்றுக்கு 12 வாரம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் இந்த உரிமைகள் இப்போது அதற்குள் இருக்கின்றன. பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது அந்த இடத்தில் வேலை செய்திருக்க வேண்டும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளுக்கும் இது பொருந்தும். துணிக்கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, தையல் கூடம் எதுவானாலும் சரி.

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்களுக்குப் பேறுகாலப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நம்மில் பலர் அந்தச் சீட்டை வாங்குவதே இல்லை.

"நான் தினக்கூலிதானே, எனக்கு என்ன உரிமை?" என்று நினைக்காதீர்கள். டெல்லி மாநகராட்சியில் தினக்கூலியாக வேலை செய்த பெண்கள் தொடுத்த வழக்கில், அவர்களுக்கும் பேறுகாலப் பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

"மூணாவது பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாது" என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவிக்கு அப்படித்தான் சொன்னார்கள். முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். மறுமணம் செய்து அதில் முதல் பிள்ளை பெற்றபோது, அது மூன்றாவது பிள்ளை என்று சொல்லி விடுப்பை மறுத்தார்கள். அவர் விடவில்லை. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பேறுகால விடுப்பு ஒரு பெண்ணின் மகப்பேற்று உரிமையின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

இப்போது, விடுப்பு முடிந்து திரும்பிய பிறகு என்ன உண்டு? நிறையப் பேருக்குத் தெரியாதது இந்தப் பகுதிதான்.

ஒன்று: பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு இடைவேளை போக, நாளைக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை உண்டு. அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இது புதிய சலுகை இல்லை. 1919-லேயே உலகத் தொழிலாளர் அமைப்பின் முதல் பேறுகால உடன்படிக்கை, தாய்ப்பால் கொடுக்க நாளைக்கு இரண்டு முறை அரை மணி நேரம் தர வேண்டும் என்று சொன்னது. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இரண்டு: 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் நாளைக்கு நான்கு முறை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம்.

மூன்று: வேலையின் தன்மை இடம்கொடுத்தால், விடுப்புக்குப் பிறகு கொஞ்ச காலம் வீட்டிலிருந்து வேலை செய்ய, இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். இதில் "பேசி முடிவு செய்து" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கணக்கு எழுதுபவர், கணினியில் வேலை செய்பவர் கேட்கலாம். என்னைப் போல் ரத்தம் எடுப்பவள் வீட்டிலிருந்து எப்படி எடுப்பது? கர்நாடக உயர் நீதிமன்றத்தில், பாதுகாப்புத் துறை சார்ந்த ஓர் ஆய்வு மையத்தில் பணிபுரிந்த பெண் வீட்டிலிருந்து வேலை கேட்டபோது, அந்த வேலை வீட்டிலிருந்து செய்யக்கூடியது இல்லை என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனால் இது எல்லோருக்கும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நான்கு: விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கவோ, நமக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றவோ கூடாது.

மத்திய அரசு விதிப்படி பணிபுரியும் சகோதரிகளுக்கு இன்னொன்றும் உண்டு. பிள்ளை வளர்ப்பு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள். தனியாரில் இருக்கும் நமக்கு அது இல்லை.

சட்டத்தில் இல்லாதது என்ன? ஷிஃப்டை மாற்றுவது, ஒரு மணி நேரம் தாமதமாக வந்து தாமதமாகப் போவது, வாரத்தில் நாட்களைக் குறைப்பது. இதைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 2003 ஏப்ரலில் சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு, வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை வந்தது. 2014-ல் குறிப்பிட்ட காலம் பணி முடித்த எல்லா ஊழியருக்கும் அது விரிந்தது. 2024 ஏப்ரல் 6 முதல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே, வருடத்துக்கு இரண்டு முறை கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் சட்டம் ஏற்கும் காரணம் சொல்ல வேண்டும். அங்கேயும் கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. ஆனால், கேட்டதற்குப் பதில் வரும்.

நமக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் அந்த முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். எழுத்தில் கேட்பது, தேதி குறித்துப் பதில் கேட்பது. அதை யாரும் தடுக்க முடியாது.

நேரத்தை நகர்த்தினால் அலுவலகம் நின்றுவிடுமா? நம் ஊரிலேயே பார்த்தோம். 2023 ஏப்ரலில் புதுச்சேரி அரசு, பெண் ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் வழிபாடு செய்ய வசதியாக, மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை காலை 9 முதல் 11 வரை இரண்டு மணி நேரம் சலுகை அறிவித்தது. 2025 ரமளானில் தெலங்கானா அரசு முஸ்லிம் ஊழியர்கள் மாலை 4 மணிக்கே கிளம்ப அனுமதித்தது. வழிபாட்டுக்கு நேரம் நகரும் என்றால், பால்குடிப் பிள்ளைக்கும் நகரலாம். கேட்பதில் தவறே இல்லை.

இப்போது எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.

விடுப்பில் போகும் முன்பே கணக்குப் போடுங்கள். 26 வாரத்தில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்னால் எடுக்கலாம். அப்படி முழுதும் எடுத்தால், பிறந்த பிறகு 18 வாரம்தான் மிச்சம். பிள்ளைக்கு நாலு மாதம் முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டிவரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். உடம்பு ஒத்துழைத்து, மருத்துவரும் சரி என்றால், முன்னால் எடுப்பதைக் குறைத்துப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். நான் இந்தக் கணக்கைப் போடவில்லை.

திரும்பும் தேதிக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். அன்றைக்குப் போய் நின்றுகொண்டு கேட்டால், அவர்கள் பணிப் பட்டியலை ஏற்கெனவே போட்டிருப்பார்கள்.

கடிதத்தில் கஷ்டத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். திட்டத்தை நாலு வரியில் சொல்லுங்கள். நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"ஐயா, நான் இந்த ஆய்வகத்தில் ஏழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியுள்ளேன். என் குழந்தைக்கு ஐந்து மாதம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, சட்டப்படி உரிய இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைக் காலை 11 மணிக்கும் பகல் 2.30 மணிக்கும் எடுத்துக்கொள்ளத் தனியான ஓர் அறை ஒதுக்கித் தர வேண்டுகிறேன். மேலும் ஒரு வேண்டுகோள்: மூன்று மாதத்துக்கு மட்டும் காலை 7 முதல் 3 வரை என்பதற்குப் பதிலாக 8.30 முதல் 4.30 வரை பணி தரவும், இரவுப் பணியிலிருந்து விலக்குத் தரவும் கேட்டுக்கொள்கிறேன். காலை 7 முதல் 8.30 வரை வரும் மாதிரிகளைப் பெற சக ஊழியர் ஒருவர் சம்மதித்துள்ளார். அதற்கு ஈடாக அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பணியை நான் ஏற்கிறேன். மூன்று மாத முடிவில் இந்த ஏற்பாட்டை மீண்டும் பார்த்து முடிவு செய்யலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தந்தால் வீட்டு ஏற்பாடுகளுக்கு உதவியாக இருக்கும்."

பாருங்கள், இதில் உரிமை தனியாக, வேண்டுகோள் தனியாக இருக்கிறது. காலக்கெடு இருக்கிறது. என்னால் வேலைக்கு வரும் இடைஞ்சலுக்கு நானே வழி சொல்லியிருக்கிறேன். ஒரு பிரதி எடுத்து, அதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போடத் தயங்கினால் மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள்.

ஒன்பதாம் நாள் கூப்பிட்டுப் பேசினார்கள். என்ன கிடைத்தது? உள்ளதைச் சொல்கிறேன். இரவுப் பணி விலக்கு மூன்று மாதத்துக்குக் கிடைத்தது. 8.30 மணிக்கு வருவது கிடைத்தது. ஆனால் மாதத்தில் மூன்று ஞாயிறு வேலை செய்ய வேண்டியதாயிற்று. தனி அறை இல்லை என்றார்கள். ரத்தம் எடுக்கும் சிறு அறையைக் கூட்டம் குறைந்த நேரத்தில் பூட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஒத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை நீட்டித்தார்கள். மூன்றாவது முறை கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அதற்குள் பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கிவிட்டது. சோறு பிசைந்து கொடுத்தால் சாப்பிடத் தொடங்கிவிட்டான். அல்ஹம்துலில்லாஹ், வேலை இன்றும் இருக்கிறது.

கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதிதான் எங்களைத் தாண்ட வைத்தது.

கூட வேலை செய்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் கூட வேலை செய்யும் ஒரு பெண் சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "உனக்குப் பிள்ளை, எனக்குப் படுத்த படுக்கையா இருக்கற அம்மா. எனக்கு யார் மாத்திக் கொடுத்தாங்க?" என்றார் ஒருநாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிறகு அவர் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாட்களில் அவர் ஷிஃப்டை நான் பார்த்தேன். நமக்கு ஒருவர் இடம்விட்டால், நாம் இன்னொருவருக்கு இடம்விட வேண்டும். இல்லையென்றால் அடுத்து வரும் பெண்ணுக்குக் கதவு சாத்தப்படும்.

கேட்டும் கிடைக்காதவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி துணிக்கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். பாலூட்டும் இடைவேளையையே மறுத்துவிட்டார்கள். வாய்மொழியாகத்தான் கேட்டிருந்தார். வேலையை விட்ட பிறகு, "நீயாத்தானே நின்னுட்டே" என்றார்கள். காட்ட ஒரு தாள்கூட அவரிடம் இல்லை. அவரை நினைத்துத்தான் எழுத்தில் கேளுங்கள் என்று இவ்வளவு தூரம் சொல்கிறேன். சட்டப்படியான உரிமையை மறுத்தால் புதுச்சேரி தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள். நேராகச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. முதலில் கடிதம், அடுத்துப் பேச்சு, அதன் பிறகுதான் மனு.

அடுத்து, வீட்டில் உள்ளவர்களுக்கு.

அல் பகரா சூராவின் 233-ஆம் வசனத்தை நாம் எல்லோரும் ஓதியிருக்கிறோம். பிள்ளைக்கு இரண்டு வருடம் பால் கொடுப்பதைப் பற்றிப் பேசும் அந்த இடத்திலேயே, தாயின் உணவும் உடையும் தகப்பனின் பொறுப்பு என்றும், பிள்ளையின் காரணமாகத் தாய்க்கும் தீங்கு கூடாது, தகப்பனுக்கும் தீங்கு கூடாது என்றும், பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசி மனமொத்துச் செய்ய வேண்டும் என்றும் வருகிறது. கலந்து பேசுங்கள் என்பதுதான் எனக்கு அதில் கிடைத்த பாடம். மனைவி வேலைக்குத் திரும்புவதா, எப்போது, எந்த நேரம், பிள்ளையை யார் பார்ப்பது என்று விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது பேசக் கூடாது. வயிற்றில் இருக்கும்போதே பேசுங்கள்.

வேலைக்குப் போகாமல் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் நல்ல முடிவுதான். ஆனால் அது கலந்து பேசி எடுத்த முடிவாக இருக்கட்டும். காய்ச்சலில் ராத்திரி அழுதுகொண்டு எடுத்த முடிவாக இருக்க வேண்டாம்.

கணவன்மார்களே, "அவள் நேரத்தை மாற்றிக் கேட்கட்டும்" என்று மட்டும் இருக்காதீர்கள். உங்கள் நேரத்தையும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். என் வீட்டுக்காரர் வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலை லோடை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்தார். அந்த இரண்டு நாள் மூத்தவளைப் பள்ளிக்கு அவர்தான் விட்டார். வருமானம் கொஞ்சம் குறைந்தது. அன்றைக்கு எனக்கு மூச்சு விட முடிந்தது.

மாமியார்களே, உங்களை நம்பித்தான் நாங்கள் போகிறோம். ஆனால் உங்கள் முட்டி வலியும் உண்மைதான். முடியாதபோது முடியாது என்று சொல்லுங்கள். நாங்கள் தவறாக நினைக்க மாட்டோம். பிழிந்து வைக்கும் பாலைப் பற்றி ஒன்று: நம் ஊர் வெக்கையில் வெளியில் வைக்க வேண்டாம். சுத்தமான மூடி போட்ட பாத்திரத்தில் பிழிந்து உடனே குளிர்சாதனப் பெட்டியில், கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். நான்கு நாளைக்குள் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது அடுப்பில் வைத்துக் காய்ச்சாதீர்கள். பாத்திரத்தை வெந்நீரில் வைத்து, வெதுவெதுப்பானதும் கொடுங்கள். வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் முன்பே பாலாடையிலோ கிண்ணத்திலோ கொடுத்துப் பழக்குங்கள். என் பிள்ளை புட்டியைத் தொடவே இல்லை. பாலாடையில் மாமி கொடுத்தபோது குடித்தான்.

கடைசியாக, கடை, தொழில் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு.

உங்கள் சிரமமும் எனக்குப் புரிகிறது. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் 26 வாரச் சம்பளமும் முதலாளி கையிலிருந்துதான் போகிறது. அந்தச் சுமை தனி முதலாளி மீது விழக் கூடாது, காப்பீடு வழியாகவோ அரசு நிதியிலிருந்தோ வர வேண்டும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. அதனால், "பொம்பளைப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தாலே இதுதான் தொல்லை" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். 26 வாரச் சம்பளம் கொடுத்துக் காத்திருந்துவிட்டு, திரும்பி வந்தவளை ஒன்றரை மணி நேரத்துக்காக விட்டுவிடலாமா? ஏழு வருடம் பழகிய கையை விட்டுவிட்டுப் புதிய ஆளுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பது எவ்வளவு செலவு? இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருபவர்களை ஒழுங்காகப் பதிவு செய்தால் அந்தச் சுமையும் உங்களுக்குக் குறையும்.

உங்களிடம் மூன்றே வேண்டுகோள். கேட்டு வரும் பெண்ணை உட்கார வைத்துக் கேளுங்கள். முடியும், முடியாது, இவ்வளவு முடியும் என்று ஏதோ ஒன்றைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். தாழ்ப்பாள் உள்ள ஒரு சிறு இடத்தை ஒதுக்குங்கள். ஒரு நாற்காலி, ஒரு திரை போதும். நிறையப் பெண்கள் கழிவறையில் நின்று பால் பிழிகிறார்கள். நம் பிள்ளைகளின் உணவு அது.

இந்த அறக்கட்டளைப் பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இது என் யோசனைதான், நீங்கள் கலந்து முடிவு செய்யுங்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, நம் தெருவிலேயே இரண்டு மூத்த பெண்களுக்கு ஒரு தொகை கொடுத்து ஏற்பாடு செய்ய முடியுமா? அந்த மூத்தவர்களுக்கும் வருமானம், பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. முதலில் நாலு பிள்ளைகளோடு தொடங்கிப் பார்க்கலாம்.

சகோதரிகளே, உங்களில் யாராவது இந்த வாரம் ராஜினாமா எழுத நினைத்துக்கொண்டிருந்தால், அதை மடித்து வையுங்கள். முதலில் இன்னொரு தாளை எடுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம். பேனா கொண்டு வந்திருக்கிறேன்.

நம் பிள்ளைகளை அல்லாஹ் ஸாலிஹான பிள்ளைகளாக ஆக்கி, அவர்களைச் சுமந்த தாய்மார்களின் சுமையை லேசாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.